கம்ப்யூட்டரில் போட்ட பாலம்

பிரெஞ்சுக்காரன் காலத்தில் சில ஊர்களைச் சேர்த்து உண்டாக்கிய நொச்சிப்பட்டு கொம்யூன் வில்லியனூருக்குத் தெற்கே, பாகூருக்கு வடமேற்கே இருந்தது. நெல், கரும்பு, கர்வம் மூன்றும் அங்கே நன்றாக விளையும். கொம்யூனுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 1968-இல். அதற்குப் பிறகு ஜனங்கள் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள், நாடாளுமன்றத்துக்கும் போட்டார்கள். தெருவிளக்கையும் சாக்கடையையும் யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு மட்டும் யாரும் அவர்களிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. சர்க்கார் அனுப்பிய ஆணையர் ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். ‘மேரி’ என்கிற பிரெஞ்சுக்காரன் காலத்துக் கொம்யூன் ஆபீஸ் கட்டடத்தில், மேர் என்கிற கொம்யூன் தலைவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட நாற்காலியின் முதுகில் ஆணையரின் டவல் காய்ந்தது.

இதனால் ஊரில் இரண்டே பேருக்குத்தான் தூக்கம் கெட்டது.

ஒருவர் அரங்கநாதன். கடைவீதியில் உரக்கடை வைத்திருந்தார். அறுபத்தெட்டில் மேர் ஆனவர். பதவியும் போய், அந்தப் பதவியின் பெயரே சட்டத்திலிருந்து போன பிறகும், கடைப் பலகையில் ‘முன்னாள் மேர்’ என்ற எழுத்து உரத்தின் பெயரைவிடப் பெரியதாக இருந்தது. யூரியா வாங்க வருகிறவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தொட வேண்டும்.

இன்னொருவர் சிங்காரவேலு. பெரிய கரும்பு விவசாயி. அறுபத்தெட்டில் கவுன்சிலர்கள் கூடி மேரைத் தேர்ந்தெடுத்தபோது ஒரே ஓட்டில் தோற்றவர். அந்த ஓட்டை மாற்றிப் போட்டது அவருடைய சொந்த மைத்துனர். மைத்துனர் செத்துக் கருமாதியும் முடிந்துவிட்டது. சிங்காரவேலு இன்னும் அவரிடம் பேசுவதில்லை.

அடுத்த தேர்தல் எந்த நேரமும் வரும் என்று சிங்காரவேலு சுவர் பிடித்து வைத்தார். சுவர் பிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு அடித்து, மூலையில் பெயரையும் இன்ன வருஷம் வரை என்பதையும் நீலத்தில் எழுதிவிட்டால் அந்தச் சுவர் உங்களுடையது. எதிராளி தொட மாட்டான். நம் அரசியலில் மீதி இருக்கும் ஒரே நாணயம் அதுதான். அவருடைய தேர்தல் ஏஜெண்ட் செல்லப்பன், தேர்தல் இல்லாத அத்தனை வருஷமும் ஏஜெண்ட் வேலையை விடாமல் பார்த்தான். மார்கழி பிறந்தால் வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பி, எழுபத்தெட்டை எழுபத்தொன்பதாக்கி, எழுபத்தொன்பதை எண்பதாக்கி வந்தான். சில சுவர்கள் செங்கல்லால் நிற்கின்றனவா, செல்லப்பனின் சுண்ணாம்பால் நிற்கின்றனவா என்று சொல்ல முடியாத நிலை.

கீழமேட்டு வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரும் அவர் பிடித்து வைத்ததுதான். எதிர்ப்புறச் சுவர் அரங்கநாதனுடையது. 1987 ஐப்பசி மழையில் பாலத்தின் நடுத்தளம் இடிந்து வாய்க்காலோடு போயிற்று. கரையோரம் இருந்த கைப்பிடிச் சுவர்கள் இரண்டும், பெயரும் வருஷமும் கலையாமல் அப்படியே நின்றன. பாலம் போன விஷயத்தைச் செல்லப்பன் ஓடிவந்து சொன்னபோது சிங்காரவேலு கேட்ட முதல் கேள்வி, “சுவரு இருக்குதா?”

பாலத்துக்கு அப்பால் தனக்கொடிக்கு ஒன்றரைக் காணி கரும்பு நின்றது. புருஷன் போன பிறகு அவளே நட்டு, அவளே தோகை உரித்து வளர்த்த கரும்பு. வேறு வழி கிடையாது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் அடுத்தவர் நடவு. தை மாதம் ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் வந்துவிடும். வெட்டிய கரும்பை வண்டியில் ஏற்றி உடனே ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். வண்டி தாண்டப் பாலம் இல்லாவிட்டால் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து, வாய்க்காலில் இறங்கி ஏற வேண்டும். அதற்குள் கரும்பு வெயிலில் கிடந்து எடை இறங்கும். மிஞ்சுகிற எடையைச் சுமைக்கூலி தின்றுவிடும்.

தனக்கொடி மேரி கட்டடத்துக்குப் போனாள். ஆணையர் கெட்டவர் இல்லை. ஜாக்கிரதையானவர், அவ்வளவுதான்.

“பாலம்னா கவுன்சில் தீர்மானம் வேணும்மா,” என்றார்.

“கவுன்சில் எங்க சார் இருக்குது?”

“கவுன்சில் இல்ல.”

“அப்ப தீர்மானம்?”

“அதத்தாம்மா நானும் சொல்றேன். கவுன்சில் வேணும்.”

அங்கிருந்து அவள் உரக்கடைக்குப் போனாள். முன்னாள் மேருக்கு ஆணையரிடம் செல்வாக்கு இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ‘யாரோ’ அரங்கநாதன்தான்.

கடையை ஒட்டிய கூடத்தில் கூட்டம். அரங்கநாதனின் மருமகன் இராமச்சந்திரன் பாரீசிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே தபால் இலாகாவில் வேலை. போன தடவை மாமனாருக்கு ஒரு பாட்டிலும் ஒரு குடையும் கொண்டுவந்தவன், இந்தத் தடவை ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தான். டைப்ரைட்டரின் பல்வரிசையை மட்டும் பெயர்த்து எடுத்தது மாதிரி இருந்தது. அதை டி.வி.யோடு சேர்த்து, டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட்டால், கேசட் பாடாமல் கீச்கீச்சென்று கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் தேர்தலைக் கொண்டுவந்து டி.வி.யில் வைக்கும்.

தேர்தல் விளையாட்டு. பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் வந்ததை அவனே உட்கார்ந்து தட்டி ஏற்றியிருந்தான். பிரான்சு ஊர்களை எடுத்துவிட்டு நொச்சிப்பட்டு, கீழமேடு, புதுப்பேட்டை என்று கொம்யூன் ஊர்களைப் போட்டிருந்தான். ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம். அந்த வாரம் எந்த ஊருக்குப் போவது, கூட்டம் போடுவதா, போஸ்டர் ஒட்டுவதா, வாக்குறுதி கொடுப்பதா, எதிராளியைப் பற்றிப் பேசுவதா என்று நாம் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். தட்டினால் அந்த ஊரில் நமக்கு இருக்கும் ஆதரவு கூடும், குறையும். கடைசி வாரம் முடிந்ததும் யந்திரமே ஓட்டு எண்ணி முடிவு சொல்லும். எதிராளியாக யந்திரமே விளையாடும். மாமனார் மனசு குளிரட்டும் என்று அந்த எதிராளிக்கு இராமச்சந்திரன் ‘சிங்காரவேலு’ என்று பெயர் வைத்திருந்தான்.

“மாப்ளே, கீழமேட்டுல இன்னா இவ்ளோ கம்மியா காட்டுது?” என்றார் அரங்கநாதன்.

“அங்க நீங்க ஒண்ணுமே சொல்லல மாமா. எதுனா வாக்குறுதி குடுங்க.”

“இன்னா குடுக்கறது?”

வாசலில் நின்ற தனக்கொடி, “பாலம்,” என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இராமச்சந்திரன் சிரித்துக்கொண்டே தட்டினான். டி.வி. ஒரு நிமிஷம் யோசித்தது. கீழமேட்டு எண் குபீரென்று மேலே போயிற்று. அரங்கநாதன் தொடையில் தட்டிக்கொண்டார்.

“பார்றா! கீழமேடே நம்ம பக்கம்!”

“கம்ப்யூட்டர்ல போட்டாச்சுங்களா ஐயா?” என்று கேட்டாள் தனக்கொடி.

“போட்டாச்சும்மா, போட்டாச்சு. நீ போ.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நிம்மதியாகப் போனாள். அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அந்த வருஷம்தான் ஆலைக்காரர்கள் வெட்டு ஆர்டரைக் கம்ப்யூட்டர் சீட்டில் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். முன்பெல்லாம் ஆலை மேனேஜரைப் பார்த்துக் கெஞ்சினால் தேதி முன்னே பின்னே நகரும். இப்போது, “கம்ப்யூட்டர்ல வந்துடுச்சும்மா, எங்கையில ஒண்ணும் இல்ல,” என்று கையை விரித்தார். மனுஷன் சொல்வது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். கம்ப்யூட்டரில் போட்டது நடந்தே தீரும் என்று கீழமேட்டுக்காரர்கள் அனுபவத்தில் கற்றிருந்தார்கள். தனக்கொடி வீட்டுக்குப் போய், “பாலம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு,” என்று தெருவுக்கே சொன்னாள். தெரு நம்பியது.

சிங்காரவேலுவுக்கோ வேறு சேதி போனது. உரக்கடைக் கூடத்தில் தினம் சாயங்காலம் அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார், பார்க்க ஜனம் கூடுகிறது, நேற்றுத் தோற்றபோது யாரோ விசில் அடித்தார்கள்.

“நாமினேஷனே போடாம எப்புட்றா என்னைத் தோக்கடிப்பான்?” என்று கத்தினார். “செல்லப்பா, போய்ச் சொல்லு. ஆம்பளையா இருந்தா எதிர்ல உக்காந்து ஆடச் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண சத்திரத்தில் என்று முடிவாயிற்று. கரண்ட் போனால் விழுந்த ஓட்டெல்லாம் அழிந்துபோகும் என்று இராமச்சந்திரன் எச்சரித்ததால் ரைஸ் மில்லிலிருந்து ஜெனரேட்டர் வந்தது. கரியமாணிக்கத்திலிருந்துகூட ஆட்கள் சைக்கிளில் வந்திருந்தார்கள். வாசலில் பட்டாணி சுண்டல் விற்றது. கீழமேட்டுக்காரர்கள் விடியும்போதே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தனக்கொடி நடுவில்.

செல்லப்பன் ஆரம்பத்திலேயே ஆட்சேபணை கொடுத்தான். கேசட் எதிராளி வீட்டில் இருந்திருக்கிறது, எல்லார் கண்முன்னே அதைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்றான்.

“பிரிச்சா டேப்பு சிக்கிக்கும்பா,” என்றான் இராமச்சந்திரன்.

“அறுபத்தெட்டுலயும் இப்படித்தான் சொன்னாங்கோ.”

இந்தத் தடவை எதிராளியை யந்திரம் ஆடாமல் ஆளே ஆடும்படி இராமச்சந்திரன் மாற்றிவைக்க, ஒருவழியாக ஆட்டம் தொடங்கியது. இரண்டு பேரும் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, ஒற்றை விரலால், சாம்பாரில் உப்புப் பார்க்கிற மாதிரி பொத்தானைத் தொட்டார்கள். அரங்கநாதன் புதுப்பேட்டையில் கூட்டம் போட்டார். சிங்காரவேலு நொச்சிப்பட்டில் போஸ்டர் ஒட்டினார். அரங்கநாதன் சிங்காரவேலுவைப் பற்றி அவதூறு பேசினார். யந்திரம் என்ன அவதூறு என்று கேட்கவில்லை. அவர் விடாமல் மைத்துனர் விவகாரத்தை வாய்விட்டே சொல்லி முடித்தார்.

கீழமேட்டு முறை வந்தது. அரங்கநாதன் பாலம் தட்டினார். முன்வரிசை கைதட்டியது.

சிங்காரவேலு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். “தம்பி, எனக்கு ரெண்டு பாலம் போடு.”

“ஒரு ஊருக்கு ஒரு பாலம்தான் சார் கணக்கு.”

“ஏன், ரெண்டு தபா தட்னா மிஷினு ஒடிஞ்சிடுமா?”

ஒடியவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டது. பிரெஞ்சுக்காரன் இப்படி ஒரு வேட்பாளரை நினைத்துப் பார்த்திருக்க மாட்டான். கீழமேட்டு எண் மேலே ஏறி, டி.வி. ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கடைசி வாரம் முடிந்து ஓட்டு எண்ணியபோது, கீழமேட்டு ஓட்டில் சிங்காரவேலு ஜெயித்திருந்தார்.

அப்புறம் நடந்ததுக்கும் யந்திரத்துக்கும் சம்பந்தம் இல்லை. தயாராக மாலை இருந்தது. வெடி இருந்தது. மேளக்காரர்கள் பக்கத்துத் தெருவில் காத்திருந்தார்கள். இருபது வருஷ மாலையை ஒரே நாளில் போட்டுக்கொண்டவர் போல, முகமே தெரியாமல் சிங்காரவேலு மேரி கட்டடம் வரை ஊர்வலம் போனார். குவார்ட்டர்ஸிலிருந்து ஓடிவந்த ஆணையரின் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, “இனிமே சேந்து வேலை செய்வோம்,” என்றார். ஆணையர் ஜாக்கிரதையானவர். எழுந்து நிற்பதா வேண்டாமா என்று புரியாமல், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் தப்பித்தார். மறுநாள் சிங்காரவேலு வீட்டு வாசலில் புதிய பலகை: ‘கொம்யூன் தலைவர் (மக்கள் தேர்வு)’.

பொங்கல் கழிந்ததும் தனக்கொடிக்கு வெட்டு ஆர்டர் வந்தது. கம்ப்யூட்டர் சீட்டு. தை கடைசி வாரம். அவள் அந்தப் பலகை மாட்டிய வீட்டுக்குப் போனாள்.

“ஐயா, ரெண்டு பாலம் வேணாம். ஒண்ணு போதும்.”

சிங்காரவேலு காபி டம்ளரைக் கீழே வைத்தார். “அது வெளையாட்டும்மா. டி.வி. பொட்டியில போட்ட பாலத்துல வண்டி போவுமா?”

“மாலை நெஜந்தானுங்களே?”

“மாலை ஜனங்க போட்டது.”

“பாலமும் ஜனங்க கேட்டதுதான்.”

“இன்னாடா இவ இப்பிடிப் பேசறா?” என்று செல்லப்பனைப் பார்த்தார். செல்லப்பன் பலகையைப் பார்த்தான். பலகைக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

அவள் உரக்கடைக்குப் போனாள். அரங்கநாதன் தோல்வியின் கம்பீரத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜெயித்தபோதுகூட அவரிடம் இவ்வளவு கம்பீரம் இருந்ததில்லை.

“நான் ஒரு பாலம்தான் சொன்னேன் தனக்கொடி. நேர்மையா சொன்னேன். உங்க ஜனங்க ரெண்டு கேட்டாங்கோ. மக்கள் தீர்ப்பு. நான் தலை வணங்கறேன். போய் ஜெயிச்சவனைக் கேளு.”

பக்கத்தில் இராமச்சந்திரன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் விமானம். அவனிடம் கேட்டாள்:

“தம்பி, உங்க மிஷின்ல ஜெயிச்சப்புறம் பாலம் கட்டறதுக்கு எதைத் தட்டணும்?”

அவன் நல்லவன். பெட்டிக் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். “அது இல்லக்கா. ஜெயிச்சவுடனே ஆட்டம் முடிஞ்சிடும். மறுபடி தட்டினா மறுபடி தேர்தல்தான் வரும்.”

“மிஷினுக்குள்ளயும் இங்க மாதிரியேதானா?” என்றாள் அவள்.

கடைசியாக ஆணையர். “அதான் எலெக்‌ஷன் வெச்சு ஒருத்தர ஜெயிக்க வெச்சிட்டீங்களேம்மா. அவர்கிட்டயே கேளுங்க,” என்று கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வெட்டு தொடங்குவதற்கு முந்தின நாள் தனக்கொடி கீழமேட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். தை மாதம், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. பனங்கட்டைகள் கொஞ்சம் இருந்தன. கீழே அண்டை கொடுக்கக் கல் வேண்டும். கல் கண்ணெதிரே இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கல்லும் செங்கல்லும், மேலே விரற்கடை தடிமனுக்கு வருஷக் கணக்கான சுண்ணாம்பும். பாலம் இல்லாத பாலத்துக்குக் கைப்பிடி எதற்கு என்று அவள் கேட்டாள். கடப்பாரை போட்டார்கள். இரண்டு பக்கச் சுவரும் வாய்க்காலுக்குள் இறங்கின. தண்ணீர் போக இடம் விட்டு அடுக்கி, மேலே கட்டைகளைப் போட்டு, மண் கொட்டினார்கள். சாயங்காலம் வெறும் வண்டி ஒன்று தாண்டிப் பார்த்தது. தாண்டியது.

மறுநாள் பாதிக் கரும்பு போய்ச் சேர்ந்தது. மத்தியானம் சிங்காரவேலு ஜீப்பில் வந்தார். பின்னாலேயே அரங்கநாதன் ஸ்கூட்டரில் வந்தார். இருபது வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு, ஒரே காரியத்துக்கு வந்தது அன்றைக்குத்தான்.

“எஞ்சுவரு!” என்றார் சிங்காரவேலு.

“என்னுதும்தான்,” என்றார் அரங்கநாதன்.

“சுவரு கீழதான் ஐயா இருக்குது,” என்றாள் தனக்கொடி. “வண்டியைத் தாங்கிக்கினு இருக்குது. உங்க பேரு மேல்பக்கமாத்தான் வெச்சிருக்கோம்.”

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். பாலம் கட்ட அதிகாரம் இல்லாத ஆணையருக்கு, இடித்ததைக் கேட்க அதிகாரம் இருந்தது. பொதுச் சொத்துக்குச் சேதம், நீர்வழியில் அடைப்பு என்று இரண்டு குற்றம். ஒரு போலீஸ்காரர் வந்து வண்டிகளைத் திருப்பினார். கொம்யூன் ஆட்கள் வந்து பனங்கட்டைகளை இழுத்துக் கரையில் போட்டார்கள், மண்ணை வெட்டி விட்டார்கள். பாலம் எடுக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கோப்பு திறந்தாகிவிட்டது. கோப்பின் தலைப்பு ‘கீழமேட்டு வாய்க்கால் பாலம், கைப்பிடிச் சுவர் சேதம்’. கைப்பிடிச் சுவர் என்பது சில்லறைப் பராமரிப்பு. அதற்குக் கவுன்சில் வேண்டாம், தீர்மானம் வேண்டாம், ஆணையர் கையெழுத்தே போதும். நொச்சிப்பட்டு கொம்யூனின் சரித்திரத்தில் அவ்வளவு வேகமாக ஒரு வேலை நடந்ததில்லை. சிமெண்ட் வந்தது, கொத்தனார் வந்தார். வாரம் முடிவதற்குள் கரையில் இரண்டு புதிய கைப்பிடிச் சுவர்கள், நேராக, பூசி மெழுகி, வெள்ளை அடித்து நின்றன. நடுவில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

தனக்கொடியின் மீதிக் கரும்பு வெட்டிய இடத்திலேயே கிடந்து காய்ந்தது. ஆலை தேதியை நகர்த்தவில்லை. கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. அவளும் நாலு பெண்களும் கட்டுகளைத் தலையில் வைத்து வாய்க்காலில் இறங்கி ஏறினார்கள். கரும்பு தக்கையாக இருந்ததால் கட்டு கனக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

செல்லப்பன் சுவருக்கு எதிரே குந்தி நீலத்தில் எழுதிக்கொண்டிருந்தான். ஏறிவந்த ஒருத்தி மூச்சு வாங்க, சுவர்மேல் கரும்புக் கட்டைச் சாய்க்கப் போனாள்.

“ஏய், சாய்க்காதே! எழுத்து ஈரமா இருக்குது!”

அவள் கட்டைத் தரையில் போட்டாள். பின்னால் வந்த தனக்கொடி சுவரைப் பார்த்தாள். “எது வரைக்கும் எழுதிக்கிற செல்லப்பா?”

“தொண்ணூறு வரைக்கும். எலெக்‌ஷன் வர்ற மாதிரி இருக்குதாம்.”

“சரி. இந்தக் கட்டை அவ தலையில ஒரு கை தூக்கிவுடு. என் தலையில என் கட்டு இருக்குது.”

செல்லப்பன் எழுந்தான். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். விரல் நுனி வரை நீலமாக இருந்தது.

“கையெல்லாம் பெயிண்ட்டு தனக்கொடி,” என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னான்.

அவள் தன் கட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் தலைக்கு முதலில் தூக்கிவிட்டாள்.